கொடுத்தோமா, கொடுக்கட்டுமா

அந்தச் செவிலியர் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்துக்கு வாரம் இரண்டு பீரியடுதான். உடற்கூறியலுக்கு எட்டு, மருந்தியலுக்கு ஆறு. ஆங்கில ஆசிரியைக்குத் தனி அறை கிடையாது. உடற்கூறியல் அறையின் மூலையில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். எந்நேரமும் இலக்கணமே நடத்துவதால் மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'வாஸ்-வேர் மிஸ்'. அது அவர் காதிலும் விழுந்திருந்தது, ஆனால் கண்டுகொள்வதில்லை. ஏழு வருடமாக அவருடைய பாடத்தில் யாரும் தோற்றதில்லை என்பதால் யாரும் அவரை ஒன்றும் கேட்டதுமில்லை.

கல்லூரிக்கு எதிர்க்கட்டடம் மருத்துவமனை. மூன்றாம் வருட மாணவிகளுக்கு வாரத்தில் நான்கு நாள் அங்கே வார்டு வேலை, இரண்டு நாள் வகுப்பு. டாக்டர்களில் பாதிப் பேர் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், தமிழ் தெரியாது. வார்டிலிருந்து அவர்களுக்குப் போன் போட்டால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அதற்காகத்தான் ஆங்கிலப் பாடமே வைத்தார்கள். ஆனால் ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட வகுப்பில் போன் என்ற பேச்சு வந்ததில்லை.

மூன்றாம் வருடத்தில் ஒருத்தியைத் 'தந்தி' என்று கூப்பிடுவார்கள். தமிழிலேயே சொல்லை எண்ணி எண்ணித்தான் செலவு செய்வாள். சாப்பிட்டாயா என்றால் "ஆச்சு". எங்கே கிளம்பினாய் என்றால் "வார்டு". அம்மா இல்லாத பெண், சித்தி வீட்டில் வளர்ந்தவள். கை சுத்தம், கையெழுத்தும் சுத்தம். ஊசி போட்டால் நோயாளிக்கு வலிக்காது என்று வார்டில் பேர் வாங்கியிருந்தாள். ஆங்கில இலக்கணத்தில் அரையாண்டுத் தேர்வில் எண்பத்தெட்டு மார்க்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆண்கள் வார்டின் ஏழாம் படுக்கையில் இருந்தவருக்குச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை பார்த்தார்கள். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், காலில் ஆறாத புண். சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. மணி பன்னிரண்டரை. காலை டியூட்டி சிஸ்டர் பத்து யூனிட் இன்சுலின் போட்டார். தந்தி பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுத்தாள்.

"டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடு," என்று சிஸ்டர் அடுத்த படுக்கைக்குப் போனார். சார்ட்டில் எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். அன்று அவர் மகனுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு மணி அடித்ததும் எழுதாமலே போய்விட்டார்.

டாக்டர் அறுவை அரங்கில் இருந்தார். தந்தி நான்கு முறை போன் போட்டாள். இரண்டேகாலுக்குத்தான் கிடைத்தார். அரங்கில் வேலை செய்பவர் யாரோ ரிசீவரை அவர் காதில் பிடித்திருந்தார், அவர் கைகள் கையுறைக்குள் இருந்தன.

தந்தி நான்கு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியத்தைச் சொன்னாள். படுக்கை எண்ணைச் சொன்னாள், சர்க்கரை அளவைச் சொன்னாள், பிறகு, "வீ கிவ் டென் யூனிட்ஸ், டாக்டர்."

கொடுத்துவிட்டோம் என்று சொல்ல வந்தாள். கொடுக்கட்டுமா என்று கேட்கிறாள் என அவர் எடுத்துக்கொண்டார்.

"ஓகே, கிவ்," என்றார்.

ஏற்கெனவே கொடுத்ததற்கு மேல் இன்னொரு பத்தா? அதைக் கேட்க ஒரு கேள்வி வேண்டும். 'டூ' போட வேண்டுமா, 'ஷல்' போட வேண்டுமா என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோதே போன் வைக்கப்பட்டுவிட்டது. ஐந்தாம் முறை போட்டால் திட்டுவார்கள். சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருக்கிறதே, டாக்டருக்குத் தெரியாததா என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். மதிய டியூட்டி சிஸ்டரிடம் போய், "ஏழாம் பெட். பத்து யூனிட். டாக்டர் குடுக்கச் சொன்னாங்க," என்றாள். சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். அதில் எதுவும் இல்லை. போட்டார்.

மூன்றேகாலுக்கு டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. கண் எங்கோ நிலைகுத்தியிருக்க, இடது கையால் படுக்கைக் கம்பியைப் பிடித்துக் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். முதலில் பார்த்தது தந்திதான். ஓடிப்போய்க் கருவியை எடுத்து வந்து விரலில் குத்திப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. "சிஸ்டர்!" என்று அவள் போட்ட சத்தம் அடுத்த வார்டுக்குக் கேட்டதாம். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான்கு மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கேட்டார். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கும் போய்விட்டார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வெள்ளிக்கிழமை விசாரணை வைத்தார்கள்.

கல்லூரி முதல்வர் அறை. முதல்வர், மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி, அந்த டாக்டர் மூவரும் மேசைக்கு ஒரு பக்கம். காலை சிஸ்டரை ஏற்கெனவே விசாரித்து அனுப்பியிருந்தார்கள். தந்தி சுவரோரம் நின்றிருந்தாள். ஆங்கில ஆசிரியையைப் பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் நிர்வாக அதிகாரி ஒரு தாளை அவர் பக்கம் தள்ளினார். அதில் தந்தி போனில் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

"மிஸ், இது சரியா தப்பா?"

ஆசிரியை படித்தார். இரண்டாம் முறை படித்தார்.

"இலக்கணப்படி சரி சார்."

நிர்வாக அதிகாரி இதை எதிர்பார்க்கவில்லை. "சரின்னா? அப்ப என்ன அர்த்தம்?"

"பத்து யூனிட் குடுப்போம்னு அர்த்தம். வழக்கமா. தினமும்."

"தினமும் குடுக்கறத எதுக்குப் போன் போட்டுச் சொல்லணும்?"

"அதான் சார். வாக்கியத்துல ஒரு தப்பும் இல்ல. ஆனா அந்த இடத்துல அத யாரும் சொல்ல மாட்டாங்க."

முதல்வர் தந்தியைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, தமிழ்ல கேட்டா கொடுத்தோம், கொடுக்கட்டுமான்னு சின்னக் குழந்தைகூட சரியா சொல்லுமே. இதுல எப்படிக் குழப்பம் வரும்?"

தந்தி தரையைப் பார்த்தாள். ஆசிரியை தாளை நிர்வாக அதிகாரி பக்கமே திருப்பித் தள்ளினார். அடுத்த கேள்வி தன்னிடம்தான் வரும், யார் இவளுக்கு எண்பத்தெட்டு போட்டது என்று கேட்பார்கள் என நினைத்தார். கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த நிம்மதி அவருக்கே பிடிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவர் டாக்டர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவள் சொன்னதைக் கேட்டு நீங்கள் என்ன நினைத்தீர்கள்?"

அனுமதி கேட்கிறாள் என்று நினைத்ததாக டாக்டர் சொன்னார். சின்ன வயசுக்காரர்தான். இரண்டு நாள் தூங்காத முகம்.

"ஏற்கெனவே கொடுத்தாயிற்றா என்று நீங்கள் கேட்டீர்களா?"

டாக்டர் நிர்வாக அதிகாரியைப் பார்த்தார்.

"மிஸ்," என்றார் நிர்வாக அதிகாரி. "உங்களக் கூப்பிட்டது ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் சொல்ல. கேள்வி கேக்கறதுக்கு இல்ல."

மதியத்துக்குள் முடிவு வந்துவிட்டது. தந்திக்கு மூன்று வாரம் வார்டு கிடையாது, வகுப்புக்கு மட்டும் வரலாம். காலை சிஸ்டருக்கு மெமோ. டாக்டரிடம் வாய்வார்த்தையாக ஏதோ சொல்லப்பட்டது. ஆங்கில ஆசிரியை 'மாணவிகளின் ஆங்கிலப் பேச்சுத்திறனை மேம்படுத்தும் திட்டம்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும். ஒரு சார்ட்டில் எழுதாமல் விட்டதைவிட, ஒரு டாக்டரின் அவசரத்தைவிட, ஒரு மாணவியின் இலக்கணம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஆசிரியை அலமாரியைத் திறந்து அரையாண்டு விடைத்தாள்களை எடுத்தார். தந்தியின் தாளில் காலங்கள் பகுதிக்குப் பதினைந்துக்குப் பதினைந்து. கோடிட்ட இடத்தை நிரப்புக. ஒவ்வொரு வாக்கியத்திலும் 'நேற்று' என்றோ 'நாளை' என்றோ அச்சிலேயே இருந்தது. அடைப்புக்குள் வினைச்சொல்லும் இருந்தது. எப்போது நடந்தது என்பதைக் கேள்வித்தாளே சொல்லிவிட்டது. அவள் செய்ததெல்லாம் அந்த வினைக்கு வாலை ஒட்டியதுதான். அந்தக் கேள்வித்தாளை எழுதியவர் அவர்தான்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைச் சட்டையை மாற்றாமல் சமையலறை வாசலில் நின்று கேட்டார். டாக்டர் 'ஓகே, கிவ்' என்று சொன்ன இடத்தில், "நிறுத்து," என்றார்.

"ஓகேன்னா என்ன அர்த்தம்? காதுல விழுந்துச்சுன்னும் அர்த்தம், புரிஞ்சுதுன்னும் அர்த்தம், போன வைடான்னும் அர்த்தம். எங்க வேலையில ஓகே சொன்னா அடி விழும்."

"ஏங்க?"

"ஒருத்தன் மேல மிஷின் ரூம்ல இருப்பான். நான் கீழ குழியில. 'லிஃப்ட்ட மேல எடு'ன்னு நான் சொல்றேன். அவன் 'மேல எடுக்கறேன்'னு திருப்பிச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் பட்டன்ல கை வைக்கணும். அவன் சும்மா ஓகேன்னா நான் அங்க நிக்க மாட்டேன். எகிறி வெளிய வந்துடுவேன். அவன் 'கீழ'ன்னு கேட்டிருந்தா நான் தோசைதான்."

அவர் சிரித்தார். ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு மகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். செய்தது எது, செய்யாதது எது, கேட்பது எது. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல்வருக்குக் கொடுத்த திட்டத்தில் இதே நான்கு வரியைத்தான் இரண்டு பக்கமாக நீட்டினார்.

அடுத்த வகுப்பிலேயே பாடம் மாறிவிட்டது. பண்டகக் காப்பாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, வேலை செய்யாத இரண்டு பழைய போன்களை வாங்கி வந்தார். இரண்டு மேசைகளை முதுகுக்கு முதுகாகப் போட்டார். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டாக்டர். முகம் பார்க்கக் கூடாது. கையசைக்கக் கூடாது. முதல் நாள் வகுப்பே சிரிப்பில் முடிந்தது. டாக்டராக உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எரிந்து விழுந்தார்கள். அது மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் வந்தது.

தந்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் தலையை ஆட்டி மறுத்தாள். ஆசிரியை வற்புறுத்தவில்லை.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை இடைவேளையில் அவள் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்து மேசைக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள். முதல்வருக்கு எழுதிய கடிதம். படிப்பை விடுகிறாளாம். ஆசிரியை பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு, எடுத்த கையைப் பார்த்து, கீழே வைத்தார்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"சித்தி தையல் கத்துக்கச் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

ஆசிரியை கடிதத்தைத் திரும்பப் படித்தார். முதல் வரியில் நின்றார். "ஐ டிஸ்கன்டினியூ த கோர்ஸ்."

"இது என்ன? படிப்ப விட்டுட்டியா, விடப் போறியா, விடட்டுமான்னு கேக்கறியா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. தந்தி தாளை வாங்கித் தான் எழுதியதைப் பார்த்தாள். மணி அடித்தது. முதலாம் வருட மாணவிகள் உள்ளே வந்து பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள்.

"தெரியல மிஸ்."

"தெரியலன்னா இத நான் மேல அனுப்ப முடியாது. எதுன்னு முடிவு பண்ணி எழுதிட்டு வா. விடறதா இருந்தா நான் தடுக்கப் போறதில்ல."

அவள் போய்விட்டாள். அழுதாளா என்று ஆசிரியைக்குத் தெரியாது. தான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று அன்று முழுக்க அவருக்கு ஒரு உறுத்தல் இருந்தது. கடிதம் திரும்பி வரவில்லை. வியாழக்கிழமை வகுப்பில் தந்தி தானாக எழுந்து வந்து டாக்டர் மேசையில் உட்கார்ந்தாள். பேசவில்லை, காது கொடுத்துக் கேட்டாள். எதிரில் பேசியவள் தடுமாறித் தடுமாறி முடித்ததும் கேட்டதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். ஒன்றுகூட விடவில்லை. அன்றிலிருந்து எல்லோரும் தங்கள் முறைக்கு அவளையே டாக்டராகக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் பாதி வேலைதான் ஆகியிருந்தது. போனின் இந்த முனையைப் பழக்கியாயிற்று. அந்த முனை?

ஆசிரியை நடைபாதையைக் கடந்து மருத்துவமனைக்குப் போனார். ஏழு வருடத்தில் வேலைக்காக அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை. அந்த டாக்டரைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. வகுப்புக்கு அரை மணி நேரம் வர முடியுமா என்று கேட்டார். தனக்கு ஆங்கிலம் தெரியும் என்றார் டாக்டர்.

"தெரியும். நீங்கள் பேச வேண்டாம். போனில் கேட்டால் போதும்."

வேண்டுமானால் ஒரு செய்தி எழுதித் தருகிறேன், மாணவிகளுக்குப் படித்துக் காட்டுங்கள் என்றார் டாக்டர். வேண்டாம் என்றார் ஆசிரியை. கடைசியில் எதற்காக ஒப்புக்கொண்டார் என்பதை டாக்டர் சொல்லவில்லை. வெளியே வந்தபோது, அந்த டிரைவர் எப்படியிருக்கிறார் என்று தெரியுமா என்று மட்டும் கேட்டார். கால் புண் ஆறி வருகிறதாம் என்றார் ஆசிரியை. விசாரித்து வைத்திருந்தார்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். வகுப்பே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. அவர் அந்தப் பழைய போனைக் கையில் வாங்கி, இது வேலை செய்யுமா என்று பார்த்தார். இரண்டு மூன்று பேர் லேசாகச் சிரித்தார்கள். முதலில் இரண்டு மாணவிகள் பேசினார்கள். அவருக்கு முன்னால் தாங்கள் எழுதி மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார்கள். அவர் இருவருக்கும் "ஓகே" என்றார். அவர்களும் வைத்துவிட்டார்கள். ஆசிரியை குறுக்கிடாமல் சுவரோரம் நின்றார்.

மூன்றாவதாகத் தந்தி எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. டாக்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். தாள் ஏதும் அவள் கையில் இல்லை.

"டாக்டர். பெட் செவன். ஷுகர் த்ரீ ட்வெல்வ். டென் யூனிட்ஸ் கிவன். ட்வெல்வ் தர்ட்டி." நிறுத்தினாள். "நாட் ஆஸ்கிங். டெல்லிங்."

வகுப்பில் யாரோ குபீரென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். டாக்டருக்கு அந்தப் படுக்கை எண் புரிந்துவிட்டது. காது சிவந்தது. என்றாலும் பழக்கம் விடவில்லை.

"ஓகே," என்றார்.

"நோ ஓகே," என்றாள் தந்தி. "ப்ளீஸ் ரிப்பீட்."

டாக்டர் ரிசீவரை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். பிறகு மெதுவாக, ஏழாம் படுக்கை, சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு, பத்து யூனிட் பன்னிரண்டரைக்கே கொடுத்தாயிற்று, தன்னிடம் எதுவும் கேட்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார்.

"எஸ். தேங்க் யூ டாக்டர்." அவள் போனை வைத்தாள். ரிசீவர் போனின் மேல் சரியாக உட்காரவில்லை. இரண்டாம் முறை வைத்தாள்.

அவள் சொன்னதில் 'கிவன்' என்பதற்கு முன் வர வேண்டிய 'வேர்' இல்லை என்பதை ஆசிரியை கவனித்தார். தேர்வில் என்றால் அரை மார்க் போயிருக்கும். அவர் திருத்தவில்லை. டாக்டர் அரை மணி நேரத்துக்கு வந்தவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மீதி எல்லோருடைய போனையும் கேட்டார். நான்காவது ஆளுக்குப் பிறகு அவர் 'ஓகே' சொல்லவில்லை. போகும்போது தந்தியின் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். மன்னிப்புக் கேட்டாரா, வேறு ஏதாவது சொன்னாரா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. தந்தியிடம் கேட்டதற்கு, "சொன்னாங்க," என்றாள்.

மூன்று வாரம் முடிந்து அவள் வார்டுக்குப் போனாள். 'ப்ளீஸ் ரிப்பீட்' வார்டு வார்டாகப் பரவியது. எல்லோருக்கும் அது பிடித்ததென்று சொல்ல முடியாது. மாணவிகள் தங்களை ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்று இரண்டு பெரிய டாக்டர்கள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். நிர்வாக அதிகாரி 'கைண்ட்லி' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இறுதித் தேர்வின் கேள்வித்தாள் வெளியிலிருந்து வருவது. அதில் கோடிட்ட இடங்கள் அப்படியே இருந்தன. அதற்கும் ஒரு பீரியடு ஒதுக்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் மாதம் பெண்கள் வார்டில் ஒரு காலை. எலும்பு முறிவுப் பிரிவின் பெரிய டாக்டர் போனில் ஒரு மருந்தின் அளவைச் சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டார். எடுத்தவள் தந்தி. ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா என்று அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி போட்டாள். சொன்னேனே என்று கத்திவிட்டு வைத்தார். மூன்றாம் முறை போட்டாள்.

"ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ, டாக்டர்? ப்ளீஸ் ரிப்பீட்."

அவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். ஒன்று, ஐந்து. அவள் எழுதிக்கொண்டாள், திருப்பிச் சொன்னாள், அவர் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் வைத்தாள். சிஸ்டரிடம் சார்ட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாள். மதியம் முதல்வரிடம் புகார் வந்தது. முதல்வர் சார்ட்டை வரவழைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. புகாரைக் கோப்பில் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னார்.

இதை மறுநாள் முதல்வரே உடற்கூறியல் அறைக்கு வந்து ஆசிரியையிடம் சொன்னார். ஆசிரியை அடுத்த தேர்வுக்குக் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடாமலே முழுவதையும் கேட்டார்.

"மூணு தடவையா போட்டா?" என்றார்.

"மூணு தடவை."

ஆசிரியை தலையை ஆட்டினார். முதல்வர் போன பிறகு, தான் அதுவரை எழுதியிருந்த பத்து வாக்கியங்களிலும் 'நேற்று', 'நாளை' எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாக அடித்தார்.